முன்னூற்றுப் பதினெட்டாவது விரல்

தேர்தல் வேலையில் ஆகச் சின்ன வேலை விரலில் மை பூசுவது. வரிசையில் கால் கடுக்க நிற்கும் உங்களைப் போலத்தான், நானும் அந்த மேசையை விட்டு நகர முடியாது. கந்தோரில் கோப்புத் தூக்கும் சிற்றூழியனான எனக்குப் பேச்சு வராது, எண்ணிக்கை வரும். பூசும் ஒவ்வொரு விரலுக்கும் துண்டுத் தாளில் ஒரு கோடு போடுவேன்.

இரண்டு மாரியாயி

கண்டிப் பக்கம் மடுல்கெல்லயில், ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வாக்களிப்பு. இலிகிதர் வாக்காளர் இடாப்பைப் பார்த்துப் பெயரை உரக்க வாசிப்பார்; கட்சி முகவர்கள் மறுக்காவிட்டால் நான் மை வைக்க வேண்டும். "மாரியாயி, மூன்றாம் லயம்" என்றார். ஒரு அம்மா விரலை நீட்டினார். கூட்டம் நெருக்கியது. முகவர்களுக்குக் காத்திராமல் பூசிவிட்டேன். அது முன்னூற்றுப் பதினெட்டாவது விரல்.

அடையாள அட்டை எண் பொருந்தவில்லை என்றார்கள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் அந்த லயத்தில் இரண்டு மாரியாயி, ஒருவர் இறந்துவிட்டார். இடாப்பில் வெட்டியிருந்ததோ உயிரோடு இருப்பவரை. வாக்குச் சீட்டுக் கொடுக்கவில்லை. அவர் ஈர விரலைப் பார்த்தபடி கேட்டார்: "செத்தவளுக்கு ஓட்டு இருக்கு, எனக்கு இல்லையா சார்?"

கண்டியில்

மூடும்போது விரல்கள் நானூற்றுப் பன்னிரண்டு, கொடுத்த சீட்டுகள் நானூற்றுப் பதினொன்று. பெட்டியோடு கண்டிக்குப் போனேன். எண்ணும் மண்டப வாசலில் இருந்த அதிகாரியிடம், ஒரு வாக்கு பெட்டிக்கு வரவில்லை என்று துண்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"விரலை நாங்க எண்ணுறதில்ல ஐயா, சீட்டைத்தான்."

அதே மேசை

அடுத்த தேர்தலில் மாரியாயி என்ற பெயரையே வாசிக்கவில்லை. ஆனால் அவர் வந்து நின்றார். கிராம சேவகரிடம் மூன்று முறை படிவம் கொடுத்தாராம். இம்முறை இறந்தவரை வெட்டியவர்கள், இவரைத் திரும்பச் சேர்க்கவில்லை.

இடது சின்ன விரலை என் முன் வைத்தார். மை சில வாரங்களில் நகத்தோடு வளர்ந்து போய்விடும். அந்த நகத்தடியில் போன தேர்தலில் நான் பூசிய கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. துடைத்துப் பார்த்தேன். ஈரம் என் விரலில் ஒட்டியது. பின்னால் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள்.

"இதுக்கு உண்டான ஓட்டைக் குடுங்க ஐயா. இல்லாட்டி மையை எடுத்துருங்க."

இரண்டும் என் கையில் இல்லை. தேர்தல் கந்தோருக்கு எழுத்தில் மட்டும் கொடுத்தேன்: லயம் லயமாகப் போய்ப் பெயரை வாசித்து, ஆளைப் பார்த்து இடாப்பைத் திருத்துங்கள்; பெட்டியை அனுப்புமுன் விரலையும் சீட்டையும் அங்கேயே எண்ணி வாசலில் ஒட்டுங்கள். பதில் வரவில்லை.

அந்தத் தேர்தலன்று மாலை விரலும் சீட்டும் ஒன்றுகூடப் பிசகவில்லை. கணக்குக்கு மிஞ்சி வாசலில் நின்றது ஒரு மனுசி மட்டும்தான்.