பதிமூன்றாவது இலை

எனக்குப் பயம் வந்தால் முதலில் வாய்தான் ஓடும். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடுவேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள், ஆள் தெம்பாக இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த மாசி மாதம் பார்த்தவரையெல்லாம் நான் சிரிக்க வைத்துக்கொண்டு திரிந்தேன் என்றால், உள்ளே என்ன கலக்கம் இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். ராஜபாளையத்தில் நானும் தம்பியும் ஒரே வீடு. கீழே நான், மாடியில் அவன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவன். சமையல் மட்டும் கீழே, இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பில். தண்ணீர் மோட்டாரை யார் போடுவது, யார் அணைப்பது என்று தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய், தைப்பொங்கல் கழிந்த கையோடு மாடியில் தனியாகக் குக்கர் விசில் அடித்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "நம்ம வீட்டு மேல ரயிலு விட்டுட்டான்" என்றேன். என் மனைவி சிரிக்கவில்லை.

தனி அடுப்பு என்றால் எங்கள் பங்காளிகளுக்குள் தனித் தலைக்கட்டு, அதாவது தனிக் குடும்பம். ஆனால் அடுப்பு மூட்டிய உடனே அப்படி ஆகிவிடாது. சோழபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குலசாமி கோயிலில், மாசிக் கும்பிடு அன்று, வெட்டிய ஆட்டிலும் வாங்கிய சாமானிலும் அவனுக்கென்று தனியாக ஒரு கூறு விழ வேண்டும். விழுந்தால் தீர்ந்தது. அதன் பிறகு நல்லது கெட்டதுக்கு எங்கள் இருவருக்கும் தனித்தனியாகத்தான் சொல்லி அனுப்புவார்கள். என் வீட்டு விசேஷத்தில் அவன் விருந்தாளி. பிரிந்த கூறு திரும்பச் சேர்ந்ததாக யாருக்கும் நினைவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் பிறந்த குடும்பத்தில் எனக்கென்று இருப்பவன் அவன் ஒருவன். இந்த வருடமே கேட்டுவிடுவானோ என்பதுதான் என் பயம்.

இத்தனைக்கும் என் பிழைப்பே பிரிவினைதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். 'அ' ஷெட்யூல் அண்ணனுக்கு, 'ஆ' ஷெட்யூல் தம்பிக்கு. கை நடுங்கியதே இல்லை.

அந்த வருடம் கும்பிடுக்குச் சாமான் வாங்கும் முறை எனக்கு வந்தது. நாங்கள் மொத்தம் பன்னிரண்டு தலைக்கட்டு. முறைக்காரன் கொண்டுவருவது எதுவானாலும் எல்லாக் கூறுக்கும் சரிசமமாக விழ வேண்டும். மிச்சம் விழுந்தால் அந்த வருடம் பங்காளிகளுக்குள் சண்டை விழும் என்பது நம்பிக்கை. மிச்சமே விழாத வருடங்களிலும் சண்டைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அது வேறு கதை. கறியை எடை போட்டுச் சரிக்கட்டிவிடலாம். எண்ணி வைக்கிற பொருளில்தான் வில்லங்கம்.

ஆறு ஆடு நேர்ந்திருந்தோம். தலையெல்லாம் பூசாரிக்குப் போய்விடும். கால் இருபத்து நான்கு. என் பங்குக்குப் பால்கோவா முப்பத்தாறு பொட்டலம். தேங்காய் அறுபது. பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது மனதுக்குள் பொதுக் காரணி பார்த்தேன். இருபத்து நான்கை மீதியில்லாமல் வகுப்பவை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபத்து நான்கு. எட்டு முப்பத்தாறில் போகாது, அடி. இருபத்து நான்கும் போகாது, அடி. மிஞ்சியதெல்லாம் முப்பத்தாறிலும் போகும், அறுபதிலும் போகும். அவற்றில் பெரியது பன்னிரண்டு. கூறுக்கு இரண்டு கால், மூன்று பொட்டலம், ஐந்து தேங்காய். கச்சிதம்.

மனது அதோடு நின்றதா? பதிமூன்றைப் போட்டுப் பார்த்தது. மூன்று எண்ணில் ஒன்றிலும் போகவில்லை. அப்படி ஒரு நிம்மதி எனக்கு. கிருஷ்ணன்கோவில் எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டதற்கு, "வராது, வரவே வராது" என்று பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் பங்காளிகள் வாட்ஸாப் குழுவில், கூறுக்கு எத்தனை எத்தனை என்று கணக்கைப் பெருமையாகப் போட்டும் விட்டேன். தம்பியும் அதில் இருக்கிறான் என்பது பயந்த மூளைக்கு உறைக்கவில்லை.

கும்பிடு அன்று வெட்டு முடிந்து, கோயிலுக்கு முன்னால் வரிசையாகப் பன்னிரண்டு வாழை இலை விரித்தார்கள். கூறு போடுபவர் எனக்குச் சித்தப்பா முறை; போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கறிக் கூடையைத் தூக்கச் சொன்னார். அப்போது தம்பி வந்தான். கையிலிருந்த இலையை உதறி, வரிசையின் கடைசியில் பதிமூன்றாவதாக விரித்தான்.

"என்னலே, இலைய நீயே போடுத?" என்றார் சித்தப்பா.

"அடுப்பு தனியாயிருச்சு சித்தப்பா. அண்ணன்ட்ட கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா சித்தப்பா, விசில் சத்தம் நல்லாக் கேக்குது. குழம்புதான் கீழ வர மாட்டேங்கு" என்றேன். சிரித்தார்கள். தம்பி இலையின் நுனியைக் கல் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

"பதிமூணுக்கு வராது" என்றேன். "நான் வகுத்துப் பாத்துட்டேன்."

"பதிமூணுக்கு எதுக்குண்ணே வகுத்த?" என்றான் நிமிராமல். "நான் கேப்பேன்னு தெரியும், அப்படித்தான?"

வியர்த்துவிட்டது. அவன் எழுந்து போய் பைக்கிலிருந்து ஒரு பையை எடுத்து வந்தான். மூன்று பொட்டலம் பால்கோவா, ஐந்து தேங்காய், பாலித்தீன் கவரில் கறிக்கடையில் வாங்கிய இரண்டு ஆட்டுக்கால். என் வாட்ஸாப் கணக்கைப் பார்த்து, கூடுதல் கூறுக்கு வேண்டியதைச் சுத்தமாகக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறான்!

சித்தப்பா கவரைத் தூக்கிப் பார்த்தார். "கோவா சரி, தேங்கா சரி. இது எந்தச் சாமிக்கு வெட்டுன காலு?"

"கடையில வாங்குனது."

"சாமிக்கு வெட்டாத காலு இந்த இலையில விழாது."

"அப்ப இன்னொரு ஆட்ட வெட்டுவோம்" என்றார் பங்காளி ஒருவர்.

"வெட்டுனா இருபத்தெட்டு காலு. ரெண்டு மிச்சம்" என்றேன், அவசர அவசரமாக. "ரெண்டே காலுள்ள ஆடு சந்தைக்கு வந்தா சொல்லுங்க, நானே ஓட்டிட்டு வாரேன்."

மறுபடியும் சிரித்தார்கள். தம்பி, "எனக்குக் காலு வேண்டாம் சித்தப்பா. மத்தத மட்டும் போடுங்க" என்றான்.

"ஒன்னு குறைஞ்சா அது கூறு இல்லலே, பிச்சை" என்றார் சித்தப்பா. "அடுத்த வருசம் பாப்போம். இலைய எடு."

'பிச்சை' என்ற அந்த ஒரு வார்த்தையில் அவன் முகம் சுருங்கியது. இலையை மடித்தான். எடுத்துப் போடவில்லை, கக்கத்தில் வைத்துக்கொண்டு போனான். ஜெயித்தவன் நான். அவன் இலை நுனியில் வைத்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து, எங்கள் இருவருக்குமான ஒரே கூறை மாடிப்படியில் வைத்தேன். அவனைக் கூப்பிட்டேன். இறங்கி வந்தான்.

"பாதி பாதி எடுத்துக்கிருவோம்லே."

"எப்படிப் பாதி?" என்று குனிந்து பார்த்தான். "கறிய நிறுத்துக்கலாம். காலு ஆளுக்கு ஒன்னு. கோவா மூணு. தேங்கா அஞ்சு."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. இரண்டு, மூன்று, ஐந்து. ஒன்றைத் தவிரப் பொதுவாக வகுக்க எதுவும் இல்லை. பத்திரமே அடிக்கிற எனக்கு, இந்த அளவு சொத்தில் 'அ' ஷெட்யூலும் 'ஆ' ஷெட்யூலும் போட வரவில்லை.

மூன்றாவது பொட்டலத்தை அவனே பிரித்தான். படியில் நின்றபடி ஆளுக்குக் கொஞ்சமாகத் தின்றோம். ஐந்தாவது தேங்காயை உடைக்க அரிவாள் எடுக்கப் போனேன். "கிடக்கட்டும்ணே, நீயே வச்சுக்க" என்றான்.

பாதிக் கறி, ஒரு கால், ஒரு பொட்டலம், இரண்டு தேங்காயோடு ஏறியவன் மேல்படியில் நின்று திரும்பினான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

"அடுத்த கும்பிடுக்குப் பதிமூணு ஆடு நேரச் சொல்லணும். அப்பத்தான் காலு சரியா விழும்."

"சரிலே" என்றேன்.

ஐம்பத்திரண்டு கால். கூறுக்கு நான்கு. மிச்சம் இல்லை. அவன் கதவைச் சாத்திய பிறகும் நான் படியிலேயே நின்று, அந்தக் கணக்கில் எங்காவது ஒரு தப்பு அகப்படாதா என்று திரும்பத் திரும்ப வகுத்துக்கொண்டிருந்தேன்.