மெற்றில்டாவின் தினார்

கொட்டாஞ்சேனையில் ஹெக்டரைத் தெரிந்தவர்கள் அவரைக் கணக்கில் புலி என்பார்கள். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் கிளாக்கராக இருந்தார். சிகரெட் இல்லை, குடி இல்லை. பிள்ளைகளும் இல்லை. மனைவி மெற்றில்டா வீட்டில் தையல் வேலை செய்தாள்.

எண்பத்து மூன்றாம் வருடம் ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்தார்கள். மெற்றில்டாவின் தையல் மெஷின், கட்டில், கலியாணப் படங்கள் எல்லாம் போயின. கோயிலடிப் பள்ளிக்கூடத்தில் அகதிகளாகச் சில வாரம் கிடந்துவிட்டு, அதே ஒழுங்கையில் ஓர் அறையும் குசினியும் எடுத்துக் குடியேறினார்கள். அடுத்த வருடம் குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அற்றெண்டன் வேலை வந்தபோது, இரண்டு வருடம் மட்டும் என்று சொல்லிக்கொண்டு மெற்றில்டா விமானம் ஏறினாள்.

அவள் போன பிறகு ஹெக்டருக்கு மாலைகள் நீண்டுவிட்டன. வெள்ளவத்தையில், ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் ஒழுங்கையொன்றில், ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் சவுந்தரநாயகம் மாடியறையில் பொருளாதார வகுப்பு வைத்திருந்தார். பரீட்சைக்கான வகுப்பல்ல. காசு நாட்டுக்கு நாடு எப்படிப் போகிறது, முதலீடு என்றால் என்ன என்று பெரியவர்களுக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுப்பார். வீட்டுக்குப் போக மனமில்லாத ஹெக்டர் அதில் சேர்ந்தார்.

ஒரு நாட்டின் காசுக்கு இரண்டு விலை உண்டு என்று சவுந்தரநாயகம் தொடங்கினார். உள்ளே அரிசியும் தேங்காயும் சொல்வது ஒன்று. வெளியே மற்ற நாட்டுக் காசு சொல்வது மற்றது. விற்பதைவிட அதிகமாக வாங்கிக்கொண்டிருக்கும் நாட்டின் காசு வெளியே இறங்கும். வங்கி நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி தந்தாலும் சாமான் விலை பதினைந்து ஏறினால், வைத்திருப்பவன் நட்டப்பட்டவன். இன்னொரு நாட்டுக் காசை வைத்திருப்பவன் அந்த நாட்டுக்கு என்ன நடக்கும் என்பதிலும் பங்காளியாகிறான். ஒன்றைத் தெரிவு செய்யும்போது எதைக் கைவிடுகிறோமோ அதுதான் அந்தத் தெரிவின் உண்மையான செலவு.

ஹெக்டர் இதையெல்லாம் தாகத்தோடு கேட்டார். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் மெற்றில்டாவின் சம்பளத்தைப் பற்றி யோசனை கேட்டார். கொழும்பு வங்கியிலேயே வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறக்கலாம், கொஞ்சத்தை டொலராகவும் பிரித்து வைக்கலாம், முழுவதையும் ஒரே நாட்டில் விடவேண்டாம் என்று சவுந்தரநாயகம் சொன்னார்.

ஹெக்டர் தலையாட்டினார், ஆனால் அப்படிச் செய்யவில்லை. இந்த மண்ணில் வைத்தது எரியும் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். சம்பளத்தைக் குவைத் வங்கியிலேயே நிரந்தர வைப்பில் போடு, வீட்டுச் செலவுக்கு மட்டும் அனுப்பு என்று மெற்றில்டாவிடம் சொல்லிவிட்டார்.

அவர்கள் பேசிக்கொண்டது, குரலைப் பதிந்து அனுப்பும் கசற்றில். ஊருக்கு வருகிறவர்களிடம் அவள் ஒரு கசற் கொடுத்துவிடுவாள்; போகிறவர்களிடம் இவர் ஒன்று கொடுத்துவிடுவார். முதல் கசற்றுகளில் மெற்றில்டா நிறையக் கதைத்தாள். வார்ட்டில் இருந்த கிழவி, மணற்காற்று, நத்தார் இரவில் நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு கிறிஸ்து பிறப்புப் பாட்டுப் பாடியது எல்லாம் வந்தன. ஹெக்டருக்குப் பதிலுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கந்தோர், வகுப்பு, கடைச் சாப்பாடு. ஆகையால் தினார் விலையைச் சொன்னார். யோர்க் வீதியில் வங்கியொன்றின் வாசலில் தினமும் நாணய விலைகளை எழுதிப்போடுவார்கள். அவள் போகும்போது ஒரு தினாருக்கு எண்பத்தைந்து ரூபாய் சொச்சம். பிறகு தொண்ணூறு. பிறகு நூறு. விலை ஏறும் காரணத்தை, வகுப்பில் கேட்டபடி, கசற் முடியும்வரை விளக்குவார்.

இரண்டு வருடம் முடிந்ததும் வரட்டுமா என்று அவள் கேட்டாள். ஹெக்டர் கணக்குப் போட்டார். இப்போது வந்தால் கைவிடுகிற சம்பளம் இவ்வளவு, வட்டி இவ்வளவு, ஏறப்போகிற விலை இவ்வளவு. இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டு வரச்சொன்னார். அடுத்த வருடமும் கணக்கு அதையே சொன்னது. நாலாவது வருடத்துக்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கசற்றுகளில் அவள் பேச்சும் குறைந்தது, பாதியில் நின்றுவிடும். மிச்சத்துக்குக் குளிரூட்டியின் இரைச்சல்தான். ஹெக்டர் அதையும் அணைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

தொண்ணூறாம் வருடம் ஓகஸ்ட் மாதத்தில் ஈராக்கின் படை குவைத்துக்குள் புகுந்தது. ஹெக்டர் கந்தோர் வானொலியில் கேட்டுவிட்டு, குடையையும் எடுக்காமல் யோர்க் வீதிக்கு ஓடினார். பலகையில் மற்ற நாடுகளின் விலைகள் இருந்தன. குவைத் தினாருக்கு எதிரே ஒரு கோடு மட்டும். காவலாளி சிங்களத்தில், அந்தக் காசை இனி எடுக்கமாட்டார்களாம் மாத்தயா என்றான். ஆறு வருடச் சேமிப்பு போய்விட்டது என்பதுதான் ஹெக்டரின் மனதில் முதலில் வந்தது. மெற்றில்டா அதற்குப் பிறகுதான் வந்தாள். இரண்டும் வந்த வரிசை அவருக்குத் தெரிந்தது. நடைபாதையில் ஆட்கள் இடித்துக்கொண்டு போக, அப்படியே நின்றார்.

ஐந்து வாரம் அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புக் கந்தோரின் வாசலில் மற்றவர்களோடு நின்றார். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனார். வெள்ளவத்தை வகுப்பை விட்டுவிட்டார். அறைக்கு வந்தால் பழைய கசற்றைப் போடப் பயமாக இருந்தது.

செப்டெம்பரில், ஜோர்தானிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த விமானத்தில் மெற்றில்டா கட்டுநாயக்காவுக்கு வந்தாள். அவளை ஹெக்டருக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி போட்டிருந்தாள், முன்மயிர் நரைத்திருந்தது, பக்கத்தில் நின்ற பெண்ணோடு அரபியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவள்தான் வந்து அவர் கையைத் தொட்டாள்.

வரும் வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து அவள் முகம் கழுவியதும் தொடங்கினார்.

"மெற்றி, சல்லியெல்லாம் அங்க விடச் சொன்னது நான்தான்."

"சல்லிய விடுங்க," என்றாள். துவாயை மடித்துக் கொடியில் போட்டாள். "ஆறு வருசமா நீங்க எனக்கு விலை சொன்னீங்க. நான் படுக்கிற அறைக்கு ஜன்னல் இருக்குதோ எண்டு ஒருநாளும் கேக்கேல்ல."

"இருந்ததா?"

"இல்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் ஹெக்டருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

யுத்தம் முடிந்து குவைத் பழையபடி தலையெடுத்தது. வங்கிகள் திறந்தன, வைப்புக் கணக்குகளை ஒப்புக்கொண்டார்கள். மெற்றில்டாவின் தினார் ஒன்றும் குறையாமல் திரும்பக் கிடைத்தது. செய்தி கேள்விப்பட்ட சவுந்தரநாயகம், புது வகுப்புக்கு வந்து அனுபவத்தைச் சொல்லும்படி ஹெக்டரைக் கூப்பிட்டார். ஹெக்டர் போய் நடந்ததைச் சொன்னார். சவுந்தரநாயகம் கரும்பலகையில் வருடங்களையும் விலைகளையும் எழுதி, அடியில், நட்டம் இல்லை என்று எழுதினார். அதிர்ஷ்டம்தான், எல்லோருக்கும் இப்படி அமையாது என்று எச்சரித்தார். வகுப்பில் வட்டி வீதத்தைப் பற்றி இரண்டு கேள்வி வந்தது. ஹெக்டர் பதில் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அன்றைக்கு வீட்டில் அவருக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை. பழைய ஆஸ்பத்திரி மறுபடி ஆள் எடுத்தபோது மெற்றில்டா திரும்பப் போய்விட்டிருந்தாள். அப்போது ஹெக்டர் கணக்கொன்றும் போடவில்லை. "போகவேணாம் மெற்றி" என்று மட்டும் சொன்னார். அவள் அவரை இரக்கத்தோடுதான் பார்த்தாள். ஜோர்தான் பாலைவனத்து அகதிக் கூடாரத்தில் தன்னோடு ஒரு போத்தல் தண்ணீரைப் பங்குபோட்டுக் குடித்த பெண்கள் அங்கே திரும்பிப் போகிறார்கள் என்றாள். இந்த அறையில் பகல் முழுக்க என்ன செய்வதென்று தனக்குத் தெரியவில்லை என்றாள்.

அதற்குப் பிறகு அவர் அனுப்பிய கசற்றுகளில் விலை இருக்கவில்லை. மழை, கோயில் திருநாள், பக்கத்து வீட்டுப் பேர்ணடெற் நாயை விட்டுவிட்டு இத்தாலிக்குப் போனது என்று சொன்னார். பழக்கமில்லாத வேலை, இடையிடையே கசற்றை நிறுத்தி யோசித்துவிட்டுத் தொடர்வார். அவள் பதில் அனுப்புவாள், பிந்தி.

தொண்ணூற்றெட்டில், முழங்கால் வலியோடு, மெற்றில்டா ஒரேயடியாக வந்து சேர்ந்தாள். ஹெக்டர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். விடிந்ததும் அவரே தேநீர் ஊற்றி, அவளுக்குப் பிடித்தபடி மூன்று கரண்டி சீனி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் குடித்தாள். அடுத்த நாளும் குடித்தாள். மூன்றாம் நாள், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, தான் சீனியை விட்டு ஒன்பது வருடமாகிறது என்று மெதுவாகச் சொன்னாள். ஹெக்டர் கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குப் போய், மறுபடி தண்ணீர் கொதிக்க வைத்தார்.