நான் சோட்டி போட்ட நாள்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், எனக்கு வாய் கொஞ்சம் கூட. போன வருடம் பரந்தனில், பிரசவ லீவு முடிந்து மனைவி ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகிற காலையில், "பிள்ளைக்குப் பால் பருக்கிறதும் ஒரு வேலையோ? நீர் போயிட்டு வாரும்" என்று சொன்னவன் நான்தான்.

அவா டொக்டர். நான் கண்டாவளை வயல்காரருக்கு நெல்லைப் பற்றிப் புத்தி சொல்லுகிற விவசாய உத்தியோகத்தன். அன்றைக்கு லீவு போட்டிருந்தேன். மகளுக்கு ஐந்து மாதம். தாய்ப்பாலைக் கோப்பையில் எடுத்து வைத்துவிட்டு, வாசலில் நின்று அவா சொன்னா: "இண்டைக்கு இவள் கரண்டியால குடிக்காட்டி நான் வேலையை விடத்தான் வேணும். பகிடி இல்லை."

கரண்டியால் கொடுத்தேன், துப்பினாள். பாட்டுப் பாடினேன், கூட அழுதாள். அதில் நியாயம் இருந்தது. உழவு இயந்திரம் மாதிரிச் சத்தம் போட்டேன், பக்கத்து வீட்டு நாய்தான் பதில் சொன்னது. மத்தியானமாகியும் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. அவா இத்தனை வருடம் கண்விழித்துப் படித்த படிப்பு என் கையில் ஒரு கரண்டியில் வந்து நிற்கிறது. எனக்கே அழுகை வந்தது.

அப்போதுதான் கதிரையில் கிடந்த பூப்போட்ட சோட்டி கண்ணில் பட்டது. அவா இரவில் போடுகிற நீளச் சட்டை. பிள்ளை விடியும்வரை முகம் புதைத்துக் கிடப்பது அதில்தான். யோசிக்காமல் அதை இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே மாட்டிக்கொண்டு மகளைத் தூக்கினேன். சோட்டியை மணந்து பார்த்தாள், அம்மாவின் மணம். என் மீசையைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

கோப்பை முடிகிற நேரம் வாசலில் ஒரு வயல்கார ஐயா, கையில் மஞ்சளித்த நெற்பயிரோடு. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, பயிர் நாளைக்கும் மஞ்சளாத்தான் நிக்கும். நான் பிறகு வாறன்."

கண்டாவளை முழுக்கக் கதை போனது வேறு விஷயம். பின்னேரம் அவா வந்து வெறும் கோப்பையைப் பார்த்தா, நித்திரையான பிள்ளையை ஏந்தியபடி சோட்டியோடு நின்ற என்னைப் பார்த்தா, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. அவா வெள்ளைக் கோட்டுப் போடுவதற்கு நான் சோட்டி போட வேண்டுமென்றால் போடத்தான் வேண்டும் என்று அன்றைக்கு விளங்கியது. இன்றுவரை அதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பெருமையில் கேட்டேன்: "எப்பிடி, நானும் ஒரு அம்மாதானே?"

"சோட்டியைத் தோய்ச்சுப் போடாதேங்கோ, நாளைக்கும் டியூட்டி."