குளச்சல் பக்கம் பீங்கான் வளையம் பார்க்கப் போனேன்

தூத்துக்குடியில் காலை ஐந்தரைக்குப் பேருந்தில் ஏறும்போதே பயம் பிடித்துக்கொண்டது. எனக்குப் பயம் கொஞ்சம் கூடுதல்தான். பாலம் வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிற ஆள். ஆனால் அன்றைய பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ரசாயன ஆலையின் எஃகுக் கலன்களில் நிரப்பப் பீங்கான் வளையங்களைத் தேர்ந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். வினையூக்கி மருந்தைச் சுமப்பது இந்த வளையங்கள்தான். துளை அதிகமென்றால் மருந்தை நன்றாகக் குடிக்கும், ஆனால் நொறுங்கும். துளை குறைந்தால் பாரம் தாங்கும், மருந்து ஒட்டாது.

கலன்கள் இரண்டு. முதலாவதற்கு எங்கள் மேலாளரே போன மாதம் நேரில் போய் வளையங்கள் வாங்கி, மருந்தில் தோய்த்து நிரப்பியும் ஆயிற்று. அன்று மதியம் அதைச் சூடேற்றப் போகிறார்கள். அதன் அடியில் காலை ஷிப்ட் பார்ப்பவர் என் கணவர் செல்வம். இரண்டாவது கலனுக்கு வளையம் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஒன்பது மணிக்கு வடசேரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணா பேருந்து நிலையம் போய்த் திங்கள்நகர் பேருந்தைப் பிடித்தேன். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஓசிப் பயணத்தைக்கூட ரசிக்க முடியவில்லை. வழியெல்லாம் வாழையும் தென்னையும் பச்சைப் பசேலென்று நிற்க, என் மனசில் கலன் நின்றது.

திங்கள்நகரிலிருந்து ஆட்டோ. நூற்றைம்பது ரூபாய் என்றார் ஓட்டுநர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெய்யூர் ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே, குளச்சல் போற வழியில பீங்கான் கம்பெனிக்கு."

"பின்னே எதுக்கு மொகம் இப்பிடி வெளறிக் கெடக்கு? பேடிக்காதீங்க. நான் மெதுவாட்டுதான் ஓட்டுவேன்."

மெதுவாக ஓட்டவில்லை.

கம்பெனி முதலாளி எட்வின் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். ஒரு தட்டு நிறைய ஏத்தங்காய் வத்தல், அதாவது நேந்திரங்காய் சிப்ஸ் வைத்து, சாப்பிட்ட பிறகுதான் வேலை என்றார். பிறகு கொட்டகையைத் திறந்தார். மூட்டை மூட்டையாக வளையங்கள், பச்சரிசி மாவு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன. பயந்தது வீண் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. வளையத்தை நாக்கில் வைத்துப் பார்ப்போம். ஒட்டிக்கொண்டால் துளைகள் திறந்திருக்கின்றன என்று பொருள். நன்றாகவே ஒட்டியது. கூடவே கரித்தது. வத்தல் உப்பாக இருக்கும் என்று வாயைக் கொப்பளித்துவிட்டு வேறு மூட்டையிலிருந்து எடுத்து வைத்தேன். அதுவும் கரித்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே எட்வினிடம் திரும்பினேன்.

"இதுல தண்ணி பட்டுச்சாண்ணே?"

"கடக்காத்துல ஒரே பொடி மேடம். நீங்க வாறீங்கன்னுதான் கெணத்து வெள்ளத்துல கழுவிக் காயப்போட்டோம். ஆளு வந்து பாக்கும்போ அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அந்தத் தண்ணிய குடிப்பீங்களா?"

"அய்ய, அது உப்பு வெள்ளம். கழுவதுக்குத்தான்."

வேலியருகே போய்ப் பார்த்தேன். கிணற்றுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம். முன்பு எங்கள் சோதனைக்கு அனுப்பிய சாம்பிள் வளையங்கள் கழுவாதவை, அதனால் தேறிவிட்டன. உப்பு ஊறியதைச் சூடேற்றினால் ஈரத்தோடு உப்பும் கலனின் சுவரில் ஏறும். துருப்பிடிக்காத எஃகு என்று பெயர்தான். உப்பு பட்டால் சத்தமில்லாமல் விரிசல் விடும். அந்த விரிசல் வழியாகச் சுடுவாயு வெளியே வரும்.

கேட்கவே பயந்துகொண்டு கேட்டேன். "போன மாசம் எங்க மேலாளர் வந்தப்போ?"

"அவருக்கும் இதே மரியாததான் மேடம். சாரு ரொம்ப மெச்சிட்டுப் போனாவ."

செல்வத்தின் கைப்பேசி ஷிப்ட் முடியும்வரை பெட்டியில் பூட்டிக் கிடக்கும். கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தேன். பணியிலிருந்த பொறியாளர் எடுத்தார்.

"சூடேத்தியாச்சா?"

"இதோ பர்னர் போடப் போறோம் மேடம்."

"போடாதீங்க. வளையமெல்லாம் உப்பு."

"மேலாளர் சொல்லணுமே?"

"வாங்குனதே அவர்தான். என் வேலை போனாலும் போகட்டும், நிறுத்துங்க. கீழ நிக்குறது என் வீட்டுக்காரர்."

மறுமுனையில் அவர் "பர்னர் வேண்டாம், நிறுத்து" என்று கத்தினார். பிறகு யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது. நான் கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் செல்வத்தின் குரல் வந்தது.

"ஏளா, என்ன ஆச்சு? மேல கூப்பிட்டுட்டாங்க."

"உப்பு" என்றேன். வேறெதுவும் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது.

எட்வின் முகம் தொங்கிப்போய்விட்டது. "மரியாதைக்குச் செய்ததுல்லா மேடம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். புதிதாகச் சுட்டு, தண்ணீர் காட்டாமல், சூளையிலிருந்து நேரே மூட்டை கட்டித் தருவதாக ஒத்துக்கொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் நாங்களும் தம்ளரைத் துடைத்துத்தானே வைப்போம்.

இருட்டும் நேரத்தில் தூத்துக்குடியில் வீடு வந்து சேர்ந்தேன். களைத்து வருவேனென்று செல்வம் வீட்டையெல்லாம் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார். தரை பளபளவென்று இருந்தது. உள்ளே கால் வைக்க எனக்குப் பயமாக இருந்தது.