சித்தியின் ஒட்டு மீசை

அம்மா இறந்த பிறகு அவருடைய இரும்புப் பெட்டியைத் துடைக்க எடுத்தேன். அடியில் ஒரு மூக்குப்பொடி டப்பா. அதற்குள், பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஓர் ஒட்டு மீசை. தொலைந்தே போய்விட்டது என்று அம்மா கடைசிவரை சாதித்த மீசை.

அது என் சித்தியுடையது. அம்மாவுக்குத் தம்பியாகப் பிறந்து, பதினாறு வயதில் வீட்டைவிட்டுப் போய், நாடகக் கம்பெனியில் சிரிப்பு நடிகையானவர். இன்று திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்று ஊரார் சொன்னதை எழுத எனக்கு மனமில்லை. வெளியில் சேலைதான் கட்டுவார். மேடையில் மட்டும் ஆண் வேடம். மீசையை முறுக்கிக்கொண்டே எலிக்கு அலறும் போலீஸ்காரராக அவர் வந்தால் ஆத்தூர்க் கொட்டகையே குலுங்கும். தொப்பி கழன்று விழுந்தாலும் அதையும் ஒரு சிரிப்பாக்கிவிடுவார். நானே வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

நான் பெரியவளானபோதுதான் சிக்கல் வந்தது. ராசிபுரத்தில் நெசவாளர் தெரு எங்களுடையது. தாய்மாமன் மாலை போடாமல் சீர் நடக்காது. அம்மாவுக்கோ வேறு உடன்பிறப்பு கிடையாது. பிறந்த வீடு இல்லாதவள் என்று அப்பாவின் உறவுகள் பேசுமே என்ற பயத்தில், எங்கள் தறியில் நெய்த பட்டுக்கரை வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அம்மா ஆத்தூருக்குப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு அவரே சொன்னார்.

“நீதான் சாமி மாலை போடோணும். இந்த வேட்டியக் கட்டிக்கிட்டு வந்துடு. மேடையில கட்டறதுதான?”

“மேடையில சிரிக்க வெக்கக் கட்டறனுங்க அக்கா. உங்க ஊட்டுல யாரைச் சிரிக்க வெக்கக் கட்டறது?” என்றாராம் சித்தி. அம்மா வேட்டியை அவர் மடியில் வைத்தாராம். அதன் கரையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சித்தியே, “சரி, வாரேனுங்க” என்றாராம்.

சொன்னபடி வந்தார். கூந்தலைத் தலைப்பாகைக்குள் மறைத்திருந்தார். வேட்டி மட்டும் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, மேடை மீசையையும் ஒட்டியிருந்தார். சித்திரை வெயில். எனக்கு மாலை போடக் குனிந்தபோது வேர்வையில் கோந்து விட்டு, மீசையின் ஒரு பக்கம் தொங்கியது. யாரோ சிரித்தார்கள். பிறகு பந்தலே சிரித்தது. எந்தத் தவறையும் வேடிக்கையாக்கத் தெரிந்தவர், அன்று மாலையைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். நானும் சிரித்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மீசையை மெதுவாக உரித்தெடுத்து, உதட்டுக்கு மேல் ஒட்டியிருந்த கோந்தை முந்தானையால் துடைத்தார். “எம்மேலதான் தப்பு சாமி. உள்ள போயி என்ற சீலையக் கட்டிக்கிட்டு வா. மாலைய அப்பறம் போடலாம்.”

சித்தி அரக்குச் சேலையில் திரும்பி வந்தபோது பந்தலில் பாதிப் பேர் இல்லை. அதன் பிறகு அப்பா ஒரு மாதம் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அன்று அவர் எழுந்து போகவில்லை. நாதஸ்வரக்காரரைப் பார்த்து, வாசிங்க என்றார்.

கிளம்பும்போது சித்தி மீசையைக் கேட்டார், மறுநாள் நாடகம் இருந்தது. எங்கேயோ விழுந்துவிட்டது என்றார் அம்மா. அதற்குப் பிறகு சித்தி மேடையில் கரியால்தான் மீசை வரைந்துகொண்டார். எங்கள் வீட்டுக்குக் கடைசிவரை சேலையில்தான் வந்தார்.

வருடங்கள் கழித்து ஒருநாள் என்னிடம் சொன்னார்: “அக்காதான் சாமி ஒளிச்சு வெச்சிருக்காங்க. எங்க திருப்பிக் குடுத்துருவாங்களோன்னுதான் நான் மறுக்காக் கேக்கலே.”

வழக்கம்போல விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். இப்போது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முடி பாதி உதிர்ந்திருக்கிறது. அம்மா சுற்றியிருந்தபடியே சுற்றி, பெட்டியின் அடியிலேயே திரும்ப வைத்தேன்.