பலகையில் இல்லாத பிரசிடெண்ட்

1. வகுப்பில்

திவ்யா கையைத் தூக்கியபோது வகுப்பு முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. திண்டிவனத்தில் நான் கௌரவ விரிவுரையாளராக இருக்கும் கல்லூரி, இரண்டாம் ஆண்டு வரலாறு. அன்று உள்ளாட்சி பாடம். என் ஆய்வே அதுதான் என்பதால் கொஞ்சம் உற்சாகமாகவே நடத்திக்கொண்டிருந்தேன்.

தலைவர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் டெல்லியை நினைக்கிறார்கள். நான் ஆய்வு செய்வது ஊராட்சி மன்றத் தலைவர்களை. எங்கள் பக்கத்தில் பிரசிடெண்ட் என்றால் அவர்கள்தான். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் இருபத்துச் சொச்சம் ஊராட்சிகளில் யார் யார் பிரசிடெண்டாக இருந்தார்கள், எப்படி ஊரை நடத்தினார்கள் என்பது என் பிஎச்.டி. ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு பலகை இருக்கும். இதுவரை இருந்த தலைவர்களின் பெயர், பதவி வகித்த வருடங்கள், நீலத்தின் மேல் வெள்ளை எழுத்தில். நான் போன ஊர்களில் எல்லாம் அந்தப் பலகையைப் போட்டோ எடுத்து, பெயர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் செய்திருந்தேன். அதில் ஒரு பக்கத்தைத்தான் அன்று ஜெராக்ஸ் எடுத்து வகுப்புக்குக் கொடுத்தேன்.

“மேடம், எங்க ஊருக்கு நேரா தப்பா இருக்குது. அந்த அஞ்சு வருஷம் எங்கம்மாதான் பிரசிடெண்ட்” என்றாள் திவ்யா.

தாளில் ஏழுமலை என்று இருந்தது. அந்தப் பலகையை எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஏழு மாத வயிற்றோடு பஸ் ஏறிப் போன ஊர் அது. அவ்வளவு சிரமப்பட்டு எடுத்த தகவல் தவறாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அம்மா வார்டு மெம்பராக இருந்திருப்பார், வீட்டில் சரியாகக் கேட்டுவிட்டு வா என்று சொன்னேன்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “டேய், பிரசிடெண்ட் பொண்ணு நின்னுக்கினு இருக்குது, சேர் போடுங்கடா” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் லேசாகச் சிரித்தேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது வேறு யாரோ செய்த தவறு போல ஆகிவிடும்.

மறுநாள் திவ்யா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

2. இரண்டாம் இயலும் ஐந்தாம் இயலும்

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கேஸை அணைத்தேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பார்ப்பேன். குழந்தைக்கு மருந்து கொடுத்தபின் பாட்டிலில் உள்ள அளவை மறுபடி படிப்பேன். ஆய்விலும் அப்படித்தான், ஒவ்வொரு மேற்கோளையும் மூன்று முறை சரிபார்ப்பேன். இந்தப் பலகைகளை மட்டும் ஒருமுறைகூடச் சந்தேகிக்கவில்லை. பெயிண்டில் எழுதியிருந்தது, அரசு அலுவலகச் சுவரில் இருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் விழுப்புரம் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழுமலைக்கு நேராக இருந்த வருடங்களை இரண்டு முறை படித்தேன். அந்த வருடங்களுக்கான தேர்தலில் அந்த ஊர் பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எனக்கு அது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இடஒதுக்கீட்டு அட்டவணையைப் போட்டிருப்பவளே நான்தான். ஐந்தாம் இயலில் அதே ஊருக்கு அதே வருடங்களில் ஓர் ஆணைத் தலைவராக வைத்து, தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய் கொண்டுவந்தவர் என்று மூன்று பக்கம் பாராட்டியும் எழுதியிருக்கிறேன். அடுத்த நிறுத்தத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெண், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மறுநாள் ஒன்றிய அலுவலகத்தில் பழைய தேர்தல் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தலைவர், அஞ்சலை. துணைத் தலைவர், ஏழுமலை.

3. அடிக்குறிப்பு

என் நெறியாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. குழந்தை பிறந்தபோது எனக்காக அலைந்து நீட்டிப்பு வாங்கிக் கொடுத்தவர். மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், இன்னொரு நீட்டிப்பு கேட்டால் என் பதிவே நிற்குமா என்று தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

“எலெக்‌ஷன்ல ஜெயிச்சது அந்தம்மா, சரி. ஊர நடத்துனது யாரும்மா? உங்க தலைப்பு லீடர்ஷிப். பேர அடிக்குறிப்புல போட்டுட்டு சப்மிட் பண்ற வேலையப் பாருங்க.”

அவர் சொன்னதில் பாதியை நான் நம்பினேன். பெண்களுக்கு ஒதுக்கிய பல ஊர்களில் கணவரோ துணைத் தலைவரோதான் எல்லாம் செய்கிறார்கள் என்று நானே எழுதியிருக்கிறேன். அஞ்சலையும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவராக இருந்தால், ஐந்தாம் இயல் ஒரு வகையில் சரிதானே. ஆனால் திவ்யாவின் இடம் காலியாக இருந்தது. வருகைப் பதிவேட்டில் அவளுக்கு நேராக வரிசையாக நான்கு ஆப்சென்ட் போட்டிருந்தேன்.

4. அஞ்சலை

சனிக்கிழமை போனேன். மாமியார் ஒரு வேண்டுதலுக்காகத் திருவாமாத்தூர் கோவிலுக்குப் போகவேண்டியிருந்தது. கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிஃப்ட். ஒன்றரை வயது யாழினியையும் தூக்கிக்கொண்டேன். இரண்டு நாளாக அவளுக்கு வயிறு சரியில்லை. ஓ.ஆர்.எஸ். பாட்டில், மாற்றுத்துணி, ரெக்கார்டர், நோட்டு எல்லாம் ஒரே பையில்.

அஞ்சலை கொல்லையில், பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடிகளிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். கூட ஐந்தாறு பெண்கள். நான் யாரென்று சொன்னபோதும் அவர் கை நிற்கவில்லை.

“நீதானா அந்த மேடம். பஸ் பாஸ எடுத்து பெட்டியில வச்சிட்டு வீட்டுலயே குந்திக்கினு கீது எம்பொண்ணு. இனிமே காலேஜுக்கே போவமாட்டேன்னுது. நான் பிரசிடெண்டா இருந்தது ஊருக்குப் பேஜாரு, இப்ப உனக்கும் பேஜாரு.”

பக்கத்தில் இருந்த பெண், “இன்னாத்துக்கு அஞ்சல, மேடம் உன் பேர பேப்பர்ல போட வந்துகீதோ என்னவோ” என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, கேட்கக் கூச்சமாக இருந்தாலும், கேட்கவேண்டியதைக் கேட்டேன். அந்த ஐந்து வருடம் உண்மையில் ஊரைப் பார்த்துக்கொண்டது யார்?

அவர் மழுப்பவில்லை. முதல் வருடம், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். தீர்மான நோட்டே ஏழுமலை வீட்டில்தான் இருந்ததாம். இரண்டாம் வருடம் ஊர்த் தெருக்களுக்கெல்லாம் குழாய் வந்தது, காலனித் தெருவை மட்டும் விட்டுவிட்டார்கள். கேட்டால் அடுத்த கூட்டம், அடுத்த கூட்டம் என்றார்கள். அப்போது ஏழுமலை புதிதாக வீடு கட்டியிருந்தார். கரண்ட் கனெக்‌ஷனுக்கு பிரசிடெண்ட் லெட்டர் வேண்டும்.

“ஆள் உட்டு லெட்டர் கேட்டாரு. அவரே எங்க வூட்டாண்ட வரட்டும்னு சொல்லிட்டேன். வந்தாரு. நோட்டு எங்க, காலனிக்கு குழா எழுதுனா லெட்டர் தரேன்னேன். கோச்சிக்கினு போனாரு. மறுநாளு வந்தாரு. மூணாம் நாளு நோட்டோட வந்தாரு.”

அவர் லெட்டரைப் பிடித்துவைத்தது சரியா என்று என் வாய் கேட்டுவிட்டது. ஆய்வேட்டில் இதை எழுதினால் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று யாராவது சொல்வார்களே என்ற கவலை.

“தப்புதான். நான் ஒரு லெட்டர பிடிச்சி வச்சேன். அவங்க ஒரு தெரு தண்ணிய பிடிச்சி வச்சிக்கினு இருந்தாங்க. ரெண்டையும் எழுதிக்க.”

இதற்குச் சான்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். தன்னிடம் ஒரு தாளும் இல்லை என்றார். “குடுத்தவகிட்ட ஏது மேடம் லெட்டரு? வாங்குனவங்ககிட்டதான் இருக்கும்.”

இருபத்துச் சொச்சம் ஊராட்சிகளில் அலைந்தவள் நான். அலுவலகங்களில் மட்டுமே தேடியிருந்தேன்.

5. ஏழுமலை வீடு

மாடி வீடு. ஏழுமலை மரியாதையாக வரவேற்றார். பலகையைப் பற்றிக் கேட்டதற்கு அவர் கோபப்படவும் இல்லை. அலுவலகத்துக்கு வெள்ளையடித்தபோது, அந்த வருடங்களில் யார் பார்த்துக்கொண்டது என்று பெயிண்டர் கேட்டானாம், எல்லோரும் அவர் பெயரைச் சொன்னார்களாம். “அது பாவம், கூலிக்குப் போற பொம்பள. அதுக்கு இன்னா தெரியும்? எல்லாத்தையும் நான்தான் பாத்துக்கினேன்” என்றார். பொய் சொல்கிற முகமாகவே இல்லை. அதுதான் எனக்குக் குழப்பமாக இருந்தது. மறுபடியும் அந்த அடிக்குறிப்பு நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து யாழினிக்கு வயிற்றால் போயிற்று. அவர் மனைவி என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டார். குழந்தையைக் கழுவிக்கொண்டே, வெட்கத்தை மறைக்க ஏதாவது பேசவேண்டுமே என்று, இந்த வீட்டுக்குக் கரண்ட் வாங்க அலைந்தீர்களாமே என்றேன்.

“அத ஏன் கேக்கற” என்று அவர் சிரித்தார். “அஞ்சல கையெழுத்துக்கு இவரு மூணு நாளு காலனிக்கு நடந்தாரு. அந்தத் தெருவுல கால் வச்ச ஆளே கெடையாது. மொத நாளு போய்ட்டு வந்து சோறு வாணான்ட்டாரு. நான்தான், நோட்ட எடுத்துக்கினு ஜல்தி போ, இருட்டுல எத்தினி நாளு பொங்கிப் போடறதுன்னேன்.”

அந்த லெட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டுப் பத்திரங்களோடு பிளாஸ்டிக் கவரில் நகலை வைத்திருந்தார். லெட்டர்பேடு, முத்திரை, தேதி. தலைவர் என்ற இடத்தில் அ. அஞ்சலை. எழுத்துக் கூட்டிப் போட்ட, கோடு விலகிய கையெழுத்து. அவர் அதை எடுத்துக்கொண்டுபோய்க் கணவர் முன்னாலேயே மேசைமேல் வைத்தார். ஒளித்துவைக்கும் பொருளாகவே அவருக்கு அது தோன்றவில்லை.

ஏழுமலை தாளை எடுத்துப் பார்த்தார். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டேன்.

“எடுத்துக்கோ. அது கையெழுத்துதான்” என்றார். பிறகு மனைவியிடம் காபி கேட்டார்.

மாலை திரும்புவதற்குள் இன்னும் சில வீடுகளுக்குப் போனேன். தலைவர் கடிதம் என்று கேட்டதும், ரேஷன் கார்டுக்கு, முதியோர் பென்ஷனுக்கு, பிள்ளையின் பள்ளிக்கு என்று வாங்கியதையெல்லாம் எடுத்துக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் அதே கோடு விலகிய கையெழுத்து. முதல் வருடத் தாள்களில் விவரமெல்லாம் வேறு யாரோ எழுதியவை. பிந்தைய தாள்களில் அதையும் அவரே எழுதியிருந்தார்.

6. திரும்ப வாங்கியது

சனிக்கிழமை ஊரிலிருந்து கிளம்பும்போது அஞ்சலையிடம், திங்கட்கிழமை மட்டும் திவ்யாவை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் கொடுத்த பட்டியல் தவறு, திவ்யா சொன்னதுதான் சரி, அவளை நான் திருத்தியதும் தவறு, சிரித்ததும் தவறு என்று வகுப்பில் சொன்னேன். போனில் இருந்த அந்தக் கடிதத்தைச் சுற்றிக் காட்டினேன்.

திவ்யா எழுந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. “மேடம், அந்தத் தாளு எல்லார்கிட்டயும் இருக்குதே. திரும்ப வாங்கிடுவீங்களா?” என்று கேட்டாள்.

வாங்கினேன். நாற்பத்தொன்று கொடுத்திருந்தேன். முப்பத்தாறு வந்தது.

மாதக் கடைசியில் நான் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை. நெறியாளர், அந்த வீடுகளில் நான் போட்டோ எடுத்துவந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, மறுபேச்சு இல்லாமல் நீட்டிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. பதிவு நிலைக்குமா, நிரந்தர வேலை அறிவிப்பு வரும்போது என் கையில் பட்டம் இருக்குமா என்று தெரியாது. தினமும் மெயிலைத் திறந்து பார்க்கிறேன். செய்தது சரிதானா என்று சில நாள் காலையில் ஒரு பதிலும் மாலையில் ஒரு பதிலும் தோன்றுகிறது. அந்த ஊரின் பலகையும் இன்னும் மாறவில்லை.

போட்டோ எடுத்த எல்லா ஊர்களுக்கும் மறுபடி போய்க்கொண்டிருக்கிறேன். யார் பிரசிடெண்டாக இருந்தார் என்று இப்போது கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு ஊர் பலகையைக் காட்டிவிடும். “அப்ப லெட்டருக்கு யார் வீட்டுக்குப் போனீங்க?” என்று கேட்கிறேன். உள்ளாட்சி வரலாறு செய்ய வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். போன வாரம் ஓர் ஊரில் நான்கு வீடுகளில் ஒரே பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். பலகையில் அந்தப் பெயர் இல்லை.

திவ்யா ஒழுங்காக வருகிறாள். மீதித் தாள்களை ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறேன், பிள்ளைகளுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். நேற்று பின் பெஞ்சுப் பையன், சேர் போடச் சொன்ன அதே பையன், பஸ் பாஸ் கவரில் மடித்து வைத்திருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தான். இன்னும் நான்கு வெளியே இருக்கின்றன.