அருளப்பனோடு ஏறிய பனி இடுக்கு

அருளப்பன் வீட்டு விருந்துக்கு ஒருவரும் போகாமல் செய்தவன் நான். அதைச் சொல்லிவிட்டுத்தான் அந்த மலையைப் பற்றி எழுத முடியும்.

மொன்றியலின் புறநகரான புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு தமிழர் வேலை செய்தோம். எல்லோரும் யாழ்ப்பாணத்தவர், அருளப்பன் மட்டும் மட்டக்களப்பு. மகளின் முதல் நற்கருணைக்கு லாசாலில் இருக்கும் தன் வீட்டுக்கு எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். சாப்பாட்டு அறையில் அவர் இல்லாத நேரம் பார்த்து, "கவனமாப் போங்கோ, பாயோட ஒட்டவைச்சு விட்டிடுவினம்" என்றேன். மட்டக்களப்பில் சோற்றில் மருந்து போட்டு, வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்து ஊர் திரும்பவிடாமல் செய்வார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு கதை உண்டு. ஊரில் கணிதம் படிப்பித்தவன் நான். அது பொய் என்று தெரியும். சிரிப்பார்கள் என்பதற்காகச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு வீட்டில் போய் மனைவிமாருக்கும் சொன்னார்கள். விருந்து நாளான ஞாயிறன்று ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. அவர் மனைவி ரஞ்சினி நாற்பது பேருக்குச் சமைத்திருந்தார்.

அதன் பிறகு அருளப்பன் எங்களோடு இருந்து சாப்பிட்டதில்லை. மாசிக் குளிரிலும் தன் காருக்குள் இருந்தே சாப்பிட்டார். ஏழு வருடங்கள் அதை நான் ஜன்னலால் பார்த்தேன்.

2007 சித்திரை. நான் ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அருளப்பன் வடக்கே மலையேறப் போவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் மறித்து, "நானும் வரட்டோ?" என்று கேட்டேன்.

அவர் என் கால்களைப் பார்த்தார். "இந்தச் சப்பாத்தோடயா, மாஸ்டர்?"

"வேற வாங்கிறன்."

"வாங்குங்க. பிறகு பாப்பம்."

அடுத்த வியாழன் பிற்பகல் மூன்றரைக்குப் புறப்பட்டோம். நாற்பதாம் நெடுஞ்சாலையில் கிழக்கே, பிறகு பதினைந்தில் வடக்கே. லவால் தாண்டும்வரை வாகனங்கள் ஊர்ந்தன. சென்-ஜெரோமில் கோப்பிக்கு நிறுத்தினோம்; ஒன்று ஒரு டொலர் இருபத்தைந்து சதம். மொன்றியலில் வெள்ளை முழுவதும் போய்ப் பழுப்புப் புல் தெரிந்துகொண்டிருந்தது. இங்கே வீட்டுக் கூரைகளின் நிழற்பக்கத்தில் பனி இன்னும் ஒட்டியிருந்தது. எழுபது கிலோமீற்றர் ஓடியதில் ஒரு மாதம் பின்னால் போய்விட்டோம்.

ஐந்து மணிக்கு மலையடிவாரம். அருளப்பன் காரின் பின்பெட்டியிலிருந்து முள் வைத்த ரப்பர் வார் ஒரு சோடியை எடுத்து நீட்டினார். பனியில் வழுக்காமலிருக்கச் சப்பாத்துக்கு மேல் மாட்டுவது.

"மகள்ர. துலைச்சிடாதீங்க."

அந்த மகளின் விருந்துக்குத்தான் ஒருவரும் போகவில்லை. குனிந்து மாட்டிக்கொண்டேன்.

பாதையின் முதற்பகுதி மேப்பிள் மரங்களுக்கு ஊடாகப் போகிறது. மரத்துக்கு மரம் நீலக் குழாய்கள் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அவற்றுள், பாகு காய்ச்ச எடுக்கும் மரத்தின் இனிப்பு நீர் குமிழி குமிழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டியதும் இரண்டு பாறைச் சுவர்கள் நெருங்கி வந்து மலை பிளந்து நிற்கிறது. அந்த இடுக்கின் அடியில் சித்திரை வெயில் விழுவதில்லை. வெளியே வசந்தம், உள்ளே முழங்காலளவு பனி. புதுப்பனியைப் போல அது பஞ்சாக இல்லை. உருகி உறைந்து, கல்லுப்பு மாதிரி மணிமணியாகக் காலடியில் நொறுங்கியது.

"நடுவில நடங்க. ஓரத்தில கால் வச்சா உள்ள போயிடுவீங்க."

குளிர்காலம் முழுவதும் ஆட்கள் மிதித்ததால் நடுவில் மட்டும் பனி வரம்புபோல் இறுகியிருந்தது. பாறையைப் பார்த்துக்கொண்டே ஓரத்தில் கால் வைத்தேன், தொடைவரை புதைந்தேன். பனிக்குக் கீழே, காணாத ஓடை என் பாதத்துக்கருகே சலசலத்து ஓடுவது கேட்டது. அருளப்பன் என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார்.

"மாஸ்டர், கணக்குப் பிழைச்சிட்டு!" என்று சிரித்தார். ஏழு வருடத்தில் என்னைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் முறை.

மேலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பம் "போன்ஜூர்" சொல்லி ஒதுங்கி வழிவிட்டது. ஆறேகாலுக்கு இடுக்கின் மேல்முனையை அடைந்தோம். அங்கே ஒரு நீர்வீழ்ச்சி உறைந்தபடி நிற்கிறது. விளிம்பில் பால்வெள்ளை, உள்ளே போகப்போக நீலம், அடியில் பாசிப் பச்சை. அதன் முதுகுக்குள் தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது; கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நடமாடுவதுபோல் நிழல் அசைந்தது. எங்கோ ஒரு துண்டு பனிக்கட்டி உடைந்து விழ, இரண்டு சுவர்களும் அந்தச் சத்தத்தை மாறிமாறிச் சொல்லின. மேற்கு வெயில் மேல்விளிம்புப் பாறையில் மட்டும் பட்டு அதைச் செம்பாக்கியது. இவ்வளவு அருகில் இவ்வளவு காலம் இது இருந்திருக்கிறது. இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும் பனியை வழித்து ஒதுக்குகிற பொருளாக மட்டுமே அறிந்திருந்தேன்.

அருளப்பன் ஒரு மரக்குற்றியில் அமர்ந்து, எனக்கு முதுகைக் காட்டிச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். பிட்டும் மீன்குழம்பும் மணத்தன.

"அருளப்பன், எனக்கும் கொஞ்சம் தாரும்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "பாயோட ஒட்டிடுவீங்க, மாஸ்டர். இஞ்ச பாயும் இல்ல. பனியோடதான் ஒட்டணும்."

"அதைச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும். அடுத்த நாளே தெரியும்."

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டிருந்தன்."

"பிழை விட்டிட்டன். மன்னிச்சுக்கொள்ளும்."

அவர் பெட்டியை மூடினார். "இது ரஞ்சினி கட்டித் தந்த சாப்பாடு. அவக்கிட்டக் கேக்காம உங்களுக்குத் தர ஏலா. அண்டைக்கு ராவு முழுக்கக் கறியை வாளி வாளியாக் கொட்டினவ அவதான்."

இறங்கும்போது இடுக்குக்குள் நீல இருள் நிறைந்துவிட்டது. அவர் முன்னால் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு, வழுக்கும் இடங்களில் நின்று நின்று போனார்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று, அந்தக் கதை பொய், அதைச் சொன்னது என் பிழை என்றேன். "விடுங்கோ மாஸ்டர், பழைய பகிடி" என்றார் ஒருவர். மற்றவர்கள் தங்கள் சோற்றைப் பார்த்தார்கள். அருளப்பன் அன்றும் காருக்குள்தான் இருந்தார்.

ஞாயிறன்று லாசாலுக்குப் போனேன். ரஞ்சினி கதவைத் திறந்தார். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "உங்கட கையால ஒரு பிடி சாப்பிட்டுப் போக வந்தனான்" என்றேன்.

"இண்டைக்கு ஒண்டும் சமைக்கல்ல, மாஸ்டர்."

உள்ளே மீன் பொரிந்துகொண்டிருந்தது. மணம் வாசலைத் தாண்டி வந்தது. அவரும் அதை மறைக்கவில்லை. தலையசைத்துவிட்டுப் படியிறங்கினேன்.

அருளப்பன் இனிக் கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன். புதன்கிழமை தான் ஓட்டும் பாரந்தூக்கி வண்டியை என் பக்கத்தில் நிறுத்தி, "நாளைக்கு வாறீங்களா? பனி முடியப்போகுது" என்றார்.

இந்த முறை இடுக்கின் நடுவரம்பு உடைந்து, ஓடை வெளியே தெரிந்தது. நீர்வீழ்ச்சியின் ஒரு பாதி விழுந்துவிட்டது. மறுபாதிக்குப் பின்னால் தண்ணீர் முழங்கியது. அருளப்பன் அதே குற்றியில் இருந்தார். நான் சற்றுத் தள்ளியிருந்து, என் கையால் செய்த முட்டைப்பொரியல் வைத்த பாண் ரொட்டியைப் பிரித்தேன்.

அவர் தன் பெட்டியை மடியில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார்.

"அதுல பாதி தாங்க."

கொடுத்தேன். கடித்து, நிதானமாக மென்றார்.

"உப்புக் கூடிப்போச்சு, மாஸ்டர்" என்றார். பிறகு மீதியையும் சாப்பிட்டார். அவருடைய பெட்டி மூடியபடியே மடியில் இருந்தது.